நாள் நடப்பைச் சொல்லும் மொழி

கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதியில் ஜூ டவுன் என்றொரு தெரு உண்டு. அங்குள்ள யூதர் ஆலயம் 1568-இல் எழுந்தது. அதனைப் ‘பரதேசி ஆலயம்’ என்பர். வேற்று நாட்டிலிருந்து வந்தோருடையது என்பதே அதன் பொருள். பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு அப்பெயர் அயலானதன்று.

1492-இல் ஸ்பெயின் நாடு தன் யூதக் குடிகளை வெளியேற்றியது. பல திசையும் சிதறிய அவர்களின் வழிவந்தோர் சிலர் அடுத்த நூற்றாண்டில் கொச்சியை அடைந்தனர். கொச்சி மன்னர் தம் அரண்மனைக்கு அருகிலேயே அவர்களுக்கு இடமளித்தார். இங்கு வாழ்ந்த ‘காஸ்டியல்’ குடும்பத்தாரின் பெயர் ஸ்பெயினின் காஸ்தீல் நாட்டை நினைவூட்டுகிறது. காலப்போக்கில் வீட்டிலும் கடையிலும் மலையாளமே வழங்கலாயிற்று. எபிரேயம் வழிபாட்டில் நிலைத்தது. ஸ்பானிய மொழியோ தெருவைவிட்டே மறைந்தது.

ஏறத்தாழ 20 நாடுகளில் ஆட்சிமொழியாக விளங்கும் அம்மொழியை இன்று நாம் கற்க விழைந்தால், எங்கே தொடங்குவது? காலையில் எழுவது முதல் இரவில் உறங்குவது வரை நாம் செய்பவற்றைச் சொல்லிப் பழகுவதே எளிய வழி.

‘மே லெவாந்தோ ஆ லாஸ் ஸேய்ஸ்’ என்றால், ‘ஆறு மணிக்கு எழுகிறேன்’ என்பது பொருள். ‘தெஸாயுனோ’ என்றால் காலை உணவு உண்கிறேன். ‘வோய் அல் த்ரபாஹோ’ என்றால் வேலைக்குப் போகிறேன். ‘ஸேனோ’ என்றால் இரவு உணவு உண்கிறேன். ‘மே அக்குயெஸ்தோ’ என்றால் படுத்துக்கொள்கிறேன்.

இவற்றுள் ‘நான்’ என்ற சொல் எங்கும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? வினையின் ஈறே ஆளைக் காட்டிவிடுகிறது. ‘போகிறேன், போகிறாய்’ என்று நாம் சொல்வதுபோல அவர்கள் ‘வோய், வாஸ்’ என்பர். மலையாளத்திலோ ‘ஞான் போகுந்நு, நீ போகுந்நு’ என வினை மாறாது நிற்கும். ஆகவே, இவ்வகையில் தமிழருக்கு ஸ்பானியம் எளிதே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: ‘போகிறான், போகிறாள்’ இரண்டிற்கும் அவர்களிடம் ‘வா’ என்ற ஒரே சொல்தான்.

இனி, ‘மே’ என்பது என்ன? ‘விஸ்தோ ஆல் நின்யோ’ என்றால், குழந்தைக்கு உடை உடுத்துகிறேன். ‘மே விஸ்தோ’ என்றால், நானே உடுத்திக்கொள்கிறேன். செயலின் பயன் செய்பவரையே சேரும்போது நாம் ‘கொள்’ என்ற துணைவினையைச் சேர்க்கிறோம். அவர்கள் ‘மே’ என்பதை முன்னே வைக்கிறார்கள். எல்லாச் சொல்லிலும் இவ்விரண்டும் பொருந்திவரா. எனினும், தொடக்கத்தில் இவ்வொப்புமை பெரிதும் உதவும்.

பரதேசி ஆலயத்தின் அருகே ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் எசக்கியேல் ரகாபி என்னும் வணிகர் கட்டுவித்தது அது. அதன் முகங்களில் எபிரேய எண்களும் ரோமன் எண்களும் மலையாள எண்களும் வெவ்வேறாக உள்ளன. காலம் ஒன்றே, அதைப் படிக்கும் மொழிகள் பல. நாமும் கடிகாரத்தைப் பார்க்குந்தோறும், அவ்வேளையில் செய்வதை ஸ்பானியத்தில் ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பார்க்கலாம். நாளுக்குப் பத்து வாக்கியம் போதும்.

ஜூ டவுன் நமக்குக் கற்பிக்கும் பாடம் இன்னும் ஒன்று உண்டு. வழிபாட்டு மொழியை நூல்கள் காக்கும். வீட்டு மொழியைக் காப்பது அன்றாடப் பேச்சே. எழுந்ததையும் உண்டதையும் எந்த மொழியில் சொல்கிறோமோ, அம்மொழியே வீட்டில் வாழும். அயலூரில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் எம்மொழியையும் கற்கட்டும். அது அவர்களுக்கு நன்மையே. ஆனால், மாலையில் வீடு திரும்பியதும், “இன்று என்னென்ன செய்தாய்?” என்று நாம் தமிழில் கேட்போம். விடையும் தமிழில் வரும்வரை பொறுமையுடன் காத்திருப்போம்.