ஜான் கோல்ட்ரேனின் நால்வர் இசை

இசையைக் கேட்பதற்கும் பயிற்சி வேண்டுமோ என்று நீங்கள் வினவலாம். வேண்டும் என்பதே என் துணிபு. அந்தப் பயிற்சியை நான் பெற்றது ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்ற பிறகுதான். அதை அளித்தவனோ என் பழைய மாணவன்.

பள்ளியில் படித்த நாளில் ஒருமுறை அவன் ஓர் ஒலிநாடாவைக் கொண்டுவந்து, "கேட்டுப் பாருங்கள், ஐயா" என்றான். அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகுக்கு அளித்த ஜாஸ் இசை அதில் இருந்தது. நடுவிலிருந்து சிறிது கேட்டேன். "இது வெறும் இரைச்சல், பாடத்தைக் கவனி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவன் முகம் வாடியது. அதன்பின் அவன் என்னிடம் இசையைப் பற்றிப் பேசியதே இல்லை. பல்லாண்டுகள் கழித்து என்னைக் காண வந்தபோது அதே இசையை மீண்டும் ஒலிக்கச் செய்தான். "ஒரு செய்யுளை மும்முறை படித்த பின்னரே அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று எங்களுக்குக் கற்பித்தவர் தாங்கள். இதையும் மும்முறை கேளுங்கள், ஐயா" என்றான். நான் பிறர்க்கு வகுத்த விதி என்னையே வந்து பற்றியது. அமர்ந்து கேட்டேன்.

அந்த இசைக்கு உரியவர் ஜான் கோல்ட்ரேன். அவர் 1926-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பிறந்தார். 1967-இல், தம் நாற்பதாம் வயதில் மறைந்தார். அவர் வாசித்த கருவி டெனர் சாக்சபோன். பித்தளையால் ஆனதாயினும், வாய்முனையில் பொருத்திய ஒற்றை நாணல் தகட்டின் அதிர்வால் ஒலிப்பது அது. கதிரி கோபால்நாத் கருநாடக இசைக்குக் கொணர்ந்த ஆல்ட்டோ சாக்சபோனைவிடப் பெரியது, ஒலியில் தாழ்ந்தது.

1962 முதல் 1965 வரை அவருடன் மூவர் இணைந்து வாசித்தனர். மெக்காய் டைனர் பியானோவும், ஜிம்மி கேரிசன் பாஸ் என்னும் பெரிய தந்திக் கருவியும், எல்வின் ஜோன்ஸ் டிரம்ஸும் வாசித்தனர். இந்நால்வர் குழுவின் தலைசிறந்த பதிவு 'அ லவ் சுப்ரீம்'. 'ஒப்பற்ற பேரன்பு' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். 1964 டிசம்பர் 9-ஆம் நாள் நியூ ஜெர்சியில் பதிவாகி, 1965-இல் வெளிவந்தது. ஏறத்தாழ முப்பத்து மூன்று நிமிடம் நிகழும் அது நான்கு பகுதிகளை உடையது. என் மாணவன் சொன்ன முறையை அதன் முதற் பகுதியில் கையாண்டு பாருங்கள்.

முதல் முறை பாஸ் ஒன்றையே பின்தொடருங்கள். தொடக்க முழக்கம் அடங்கியதும் நான்கே சுரங்கள் கொண்ட சிறு தொடர் ஒன்றை அது திரும்பத் திரும்ப இசைக்கும். கட்டடம் முழுவதற்கும் அதுவே கடைக்கால். இரண்டாம் முறை டிரம்ஸைக் கவனியுங்கள். ஜோன்ஸின் இரு கைகளும் இரு கால்களும் வெவ்வேறு நடையில் செல்லும். ஆயினும் தாளம் சிதறாது. நான் இரைச்சல் என்றது இந்த நுட்பத்தைத்தான். மூன்றாம் முறை சாக்சபோனைக் கேளுங்கள். கோல்ட்ரேன் அந்த நான்கு சுரத் தொடரை எடுத்துப் பன்னிரண்டு சுருதி நிலைகளிலும் மாற்றி மாற்றி வாசிப்பார். வழி தவறியவர்போல் முதலில் தோன்றும். எங்குச் சென்றாலும் அந்த அன்பே இருக்கிறது என்று அவர் காட்டுவதாக நான் பொருள் கொண்டேன். இறுதியில் கருவியை விடுத்து, அதே தொடரை மனிதக் குரலே ஓதுகிறது.

இந்த நன்றியுணர்வுக்குக் காரணம் உண்டு. போதைப் பொருளுக்கும் மதுவுக்கும் அடிமைப்பட்டிருந்த கோல்ட்ரேன் 1957-இல் அவற்றினின்று மீண்டார். அவ்வாண்டில் தமக்கு இறையருளால் ஓர் அகவிழிப்பு உண்டாயிற்று என்று இத்தட்டின் உறையில் அவரே எழுதினார். அங்கேயே அவர் இயற்றிய கவிதை ஒன்றும் உள்ளது. நான்காம் பகுதியில் தாளக்கட்டு இன்றி அந்தக் கவிதையைச் சொல் சொல்லாகச் சாக்சபோனால் ஓதுகிறார். வாயால் ஒரு சொல்லும் சொல்லாமலே ஒரு வழிபாடு நிறைவுறுகிறது.

சொல்லற்ற இசை துயரையும் பேசுமா? பேசும் என்பதற்கு 'அலபாமா' சான்று. 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரில், கறுப்பின மக்களின் தேவாலயம் ஒன்றில் நிறவெறியர் வைத்த குண்டு வெடித்தது. நான்கு சிறுமியர் மாண்டனர்; மூவருக்கு வயது பதினான்கு, ஒருத்திக்குப் பதினொன்று. இரண்டு திங்களுக்குப்பின், நவம்பர் 18-இல், இந்நால்வரும் அதனைப் பதிவு செய்தனர். பியானோ அடியில் முணுமுணுக்க, சாக்சபோன் உரத்து அழாமல், ஒரு பெரியவர் கல்லறை அருகே நின்று பேசுவதுபோல் மெல்ல இசைக்கிறது. இடையே சிறிது நேரம் சீரான தாளம் எழுகிறது. மீண்டும் அந்தத் துயரப் பண்ணே வருகிறது. முடிவில் டிரம்ஸ் குமுறுகிறது. பழிச்சொல் ஒன்றும் இல்லை. ஆயினும் கேட்டவர் அந்தக் கொடுமையை மறக்க மாட்டார். நானும் மறக்கவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தியாக அறிந்திருந்த ஒன்றை அன்றுதான் துயரமாக உணர்ந்தேன்.

புதிதாகக் கேட்க விரும்புவோர் 'பேலட்ஸ்' என்ற பதிவிலிருந்து தொடங்குக. 1963-இல் வெளிவந்த அதில் மெல்லிய காதற் பாடல்களை இந்நால்வரும் அமைதியாக வாசிக்கின்றனர். அதன்பின் 'அலபாமா', அதன்பின் 'அ லவ் சுப்ரீம்' என்று படிப்படியாகச் செல்க. எளியதிலிருந்து அரியதற்குச் செல்வதே ஆசிரியப் பயிற்சியில் நான் கற்ற முதற்பாடம். ஒலிநாடாவைத் திருப்பிக் கொடுத்த அன்று அதை நானே மறந்துவிட்டேன்.

நால்வருள் இறுதிவரை வாழ்ந்திருந்த டைனர் 2020-இல் மறைந்தார். அவர்கள் ஒருவர்க்கொருவர் செவி கொடுத்து வாசித்த அழகு பதிவுகளில் நிலைத்திருக்கிறது. மும்முறை கேட்டு முடித்த மாலையில் என் மாணவனிடம், "அன்று தவறினேன், தம்பி" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை மீண்டும் முதலிலிருந்து ஒலிக்கச் செய்தான். அன்புள்ள மாணவர்களே, உங்களுக்கு விளங்காத ஒன்றை இரைச்சல் என்று ஒதுக்குமுன் மும்முறை கேளுங்கள். உங்கள் ஆசிரியர் விளங்காமல் ஒதுக்கினால், பணிவோடு அவரையும் மும்முறை கேட்கச் சொல்லுங்கள்.