மணமாலையும் வீட்டுத் தோட்டமும்

யாழ்ப்பாணத்துக் கலியாண வீடொன்றில் முகூர்த்தம் குறித்தவுடன் கூறை, தாலிக்கொடி, மேளம், மணவறை, சமையல் என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் அனுப்பப்படும். பூவைப் பற்றிய பேச்சு மாத்திரம் பெரும்பாலும் முதல்நாள் மாலைவரை எழுவதில்லை. அப்பொழுது கடையில் எது உள்ளதோ, அது கேட்ட விலைக்கே வாங்கப்படும். மலைநாட்டிலிருந்து பெட்டியில் வந்த ரோசாவும் கார்னேஷனும் பார்வைக்கு அழகியனவே. ஆயினும் நண்பகலாகுமுன் அவை பந்தலிலே தலை சாய்ந்துவிடுகின்றன. அது பூவின் குற்றமன்று. ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட நுவரெலியாவின் குளிரில் வளர்ந்த மலருக்கு யாழ்ப்பாணத்து வெயில் எங்ஙனம் ஒத்துவரும்?

பூவும் ஒரு பயிரே. பயிருக்குப் பருவம் உண்டு. ஆதலின் நாள் குறிக்கும் பொழுதே, அந்த மாதத்தில் அயலிலே எது பூக்கும் என்பதையும் எண்ணிக்கொள்வது நன்று.

மல்லிகை வெயிற்காலத்துப் பூ. வைகாசி, ஆனி மாதங்களில் அது தானாகவே சொரியும். ஆவணியிற் கலியாணமெனின் சிறிது முன்னேற்பாடு வேண்டும். மல்லிகை புதிதாக ஓடும் தளிரிலேதான் அரும்பு வைக்கும். ஆகவே ஆனி நடுப்பகுதியிற் செடியை நறுக்கி, எருவிட்டு, கிணற்று நீர் தவறாது இறைத்து வந்தால், ஆறு எட்டு வாரங்களில் மொட்டுக் காணலாம். ஒரு வீட்டுச் செடி மணமகளின் கொண்டைக்குப் போதுமேயன்றி மாலைக்குப் போதாது. நாலு வீட்டு இனசனத்திடம் முன்னதாகச் சொல்லி, அவர்களுடைய செடிகளையும் அதே வாரத்தில் நறுக்குவித்தால் குறை வராது. இவ்வாறு கேட்பதிலே கூச்சப்பட ஒன்றுமில்லை. கேளாமல் விடுவதே அயலவர்க்கு மனத்தாங்கலாகும்.

பறிக்கும் வேளையும் முக்கியம். நன்கு முற்றி வெளுத்த மொட்டை வெயில் ஏறுமுன் பறித்தல் வேண்டும். அன்று மாலையில் அது விரியும், மறுநாள் பழுப்பேறும். இரவு முகூர்த்தங்கள் மிகுந்திருந்த காலத்தில் காலையிற் கொய்து பகலிற் கட்டிய சரம், தாலி கட்டும் நேரத்திலே மணம் வீசியது. இன்று காலை முகூர்த்தத்திற்கு முதல்நாட் பூவைச் சூடுவோர் வாடிய பூவையே சூடுகின்றனர். அன்று விடியலிலே பறித்த மொட்டை மொட்டாகவே கட்டுதல் நன்று. நிறம் கெடாது, மணமும் மாலையிலே வந்து சேரும். கட்டிய சரத்தை வாழையிலையிற் சுற்றி நிழலில் வைத்தாற் போதும். நீரை அள்ளித் தெளித்தால் பூ விரைவிற் கெடும்.

தை மாதத்தில் மல்லிகை அருமை. அதை எங்கிருந்தோ பெருவிலை கொடுத்து வருவிக்கும் வீடுகள், வேலியோரத்துச் செவ்வந்தியைக் காண்பதில்லை. பகல் குறுகும் பருவத்திலேயே அரும்புகட்டும் செவ்வந்தி அம்மாதத்திற்கு மிகப் பொருத்தமானது. வாடாமல்லிகையோ காய்ந்த பின்னும் நிறம் விடாது. விதைத்து இரண்டு மூன்று மாதத்திற் பூத்துவிடும். கனகாம்பரத்திற்கு மணமில்லை, ஆயினும் பாரமில்லாத அப்பூவை வெண்பூவின் இடையிடையே கட்டினால் சரம் எடுப்பாயிருக்கும்.

மாலையின் உடலுக்கு நந்தியாவட்டையை நாடலாம். அதன் காம்பிற் பால் வடியும். பறித்தவற்றைச் சிறிது நேரம் நீரிலிட்டுப் பால் வடியவிட்டபின் கட்டாவிடின் கூறையிற் பிசினும் கறையும் படியும். அலரி வேலியெங்கும் உண்டு, நிறமும் உண்டு; ஆனால் அதன் இலை, பூ, பட்டை யாவும் நஞ்சு. மணவறைத் தூணுக்கு அதைக் கட்டுவோர், பலகாரத் தட்டத்திற்கும் வெற்றிலைத் தட்டத்திற்கும் அருகில் அதை வைத்தலாகாது. குழந்தைகள் கைக்கு எட்டவிடவுங் கூடாது. கட்டியவர் கை கழுவிய பின்னரே உணவைத் தொடவேண்டும்.

பந்தலுக்கு வாழை, மாவிலை, தென்னங்குருத்து என்பவை கேட்டவுடன் கிடைப்பவை. குருத்தோலைத் தோரணத்தை மடிக்கும் முறை மங்கலத்திற்கு வேறு, அமங்கலத்திற்கு வேறு. இளைஞரிடம் வேலையை விட்டுவிடாமல், முறையறிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் இருத்துவது அவசியம்.

பிளாஸ்டிக் மாலைகள் மலிவென்று கருதப்பட்டு வந்தன. ஒருமுறை பாவித்து எறியும் சில பிளாஸ்டிக் பொருள்களை இலங்கை அரசாங்கம் 2023 ஒக்டோபர் 1 முதல் தடை செய்தபோது, உறிஞ்சு குழாய், கரண்டி, இடியப்பத் தட்டு முதலியவற்றோடு பிளாஸ்டிக் பூமாலையும் அப்பட்டியலில் இடம்பெற்றது. வாழைநாரிற் கட்டிய மாலைக்கு அத்தகைய இடர் இல்லை. நாரை முதல்நாளே கிழித்து நனைத்து வைத்தால் மொட்டின் கழுத்தை அறுக்காது. கலியாணம் முடிந்து நாலாம் நாள், நாரும் பூவும் ஒன்றாகவே அந்த வாழையின் அடிக்கு எருவாகப் போய்ச் சேரும்.