கல்யாணப் படம் ஏன் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது?

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய வீடுகளில் பழைய படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றினால், சில சமயம் முகம் கண்ணாடியோடு உரிந்து வந்துவிடும்.

ஏன்? கடற்காற்றின் உப்புத்துகளில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. சமையல் உப்பு கசிய, காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதம் வேண்டும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். ஆகவே உப்புப் படிந்த சட்டம் எளிதில் நமுத்துவிடும். ஸ்டூடியோ பிரின்ட்டின் மேற்பூச்சு ஜெலட்டின். ஈரத்தில் அது உப்பிப் பிசுபிசுத்துக் கண்ணாடியைக் கவ்விக்கொள்ளும். பூஞ்சைக்கும் அதுவே தீனி.

இங்க்ஜெட் பிரின்ட்டுக்கு வேறு சிக்கல். ‘டை’ மையில் சாயம் கரைந்திருப்பதால், வெயிலும் ஓசோனும் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகச் சிதைக்கும். ‘பிக்மென்ட்’ மையில் நிறம் நுண்துகளாக இருக்கிறது. துகளின் மேற்புற மூலக்கூறுகள் சிதைந்தாலும் உள்ளே உள்ளவை தாங்கும்.

எப்படிக் காப்பது? அமிலமற்ற பருத்தித் தாளில் பிக்மென்ட் மையால் அச்சிடுங்கள். நன்றாக உலர்ந்தபின் சட்டமிடுங்கள். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அமிலமற்ற அட்டை விளிம்பு வைத்து இடைவெளி விடுங்கள். கண்ணாடி புறஊதாக் கதிரைத் தடுப்பதாக இருக்கட்டும். ஓதம் ஏறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். பசை தடவிய ஆல்பமும் பி.வி.சி. உறையும் வேண்டாம், பாலியெஸ்டர் உறை நல்லது.

பக்கத்திலேயே பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு பழைய தமிழ் ஸ்டூடியோ படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியது. வீட்டுக்கும் அந்த வழி பொருந்தும்: படத்தை டிஜிட்டலாக்கி, அந்தக் கோப்பை இரண்டு வன்தட்டுகளில் வையுங்கள், ஒரு பிரின்ட்டைக் கடலோரத்திலிருந்து தள்ளி இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்துவையுங்கள்.