குச்சியும் விரலும்

கேட்டுக்கொண்டிருக்கும் மாணவ மாணவியர் ஒரு சிறு சோதனையைச் செய்து பார்க்குமாறு வேண்டுகிறேன். வலக்கையால் எழுதுவோர் இடக்கையிலும், இடக்கையால் எழுதுவோர் வலக்கையிலும் பென்சிலை எடுத்துத் தங்கள் பெயரை ஒருமுறை எழுதுங்கள். கோடு நடுங்கும்; எழுத்து சாயும்; பென்சிலை இறுக்கிப் பிடித்து விரல் வலிக்கும். உங்கள் பெயர் உங்களுக்குத் தெரியாமலா இப்படி நேர்ந்தது? ஐந்து வயதுக் குழந்தை முதல் வகுப்பில் நாள்தோறும் படும் பாடு ஏறத்தாழ இதுதான்.

இந்த உண்மையை நான் பயிற்சிப் பள்ளியில் படித்தேன். ஆனால் அறிந்துகொண்டது பிறகுதான். 1981ஆம் ஆண்டு இராசிபுரத்தை அடுத்த ஒரு சிற்றூரில், தொடக்கப் பள்ளி ஆசிரியராக வேலையில் அமர்ந்தேன். இப்போதைய நாமக்கல் மாவட்டம் அன்று சேலம் மாவட்டத்தின் பகுதி. 1997இல்தான் அது பிரிந்தது. பள்ளியைச் சுற்றிலும் மானாவாரிச் சோளமும் நிலக்கடலையும் விளையும். முதல் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். பலகையில் ‘ப’ என்னும் எழுத்தை எழுதச் சொன்னால், முட்டை போன்றதொரு வளையத்தைக் கிறுக்கிவைப்பான். கவனமில்லை என்று கருதினேன். அடிக்கோலால் விரல் முட்டியில் தட்டினேன். ஒரு நாளன்று, பல நாள்.

ஒரு நாள் இடைவேளையில் வேப்பமரத்து நிழலில் அவன் தனியே குந்தியிருந்தான். துடைப்பத்திலிருந்து உதிர்ந்த ஈர்க்குச்சிகளைச் சிறிது சிறிதாக ஒடித்து மண்ணில் அடுக்கிக்கொண்டிருந்தான். அருகே சென்று பார்த்தேன். மூன்று துண்டுகளால் ஒரு ‘ப’. பக்கத்தில் இரண்டு துண்டுகளால் ஒரு ‘ட’. இரண்டிலும் பிழையில்லை. என் நிழல் விழுந்ததும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். எழுத்து அவனுக்குத் தெரிந்தே இருந்தது. அதை வரைவதற்குக் கைதான் இன்னும் பழகவில்லை. தெரிந்த பிள்ளையைத் தெரியாதவனென்று அடித்திருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு அவன் பள்ளியை விட்டு நின்றுவிட்டான். குடும்பம் பிழைப்புக்காக வேற்றூர் சென்றது என்றார்கள். அதில் என் அடிக்கோலுக்குப் பங்குண்டா என்னும் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை. பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்தது. என்னை அன்று தடுத்தவை அந்த ஐந்து ஈர்க்குத் துண்டுகள்.

அறிந்ததும் வரைவதும் ஏன் இவ்வாறு வேறுபடுகின்றன? நம் மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை எலும்புகளாக இருப்பதில்லை, குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல ஒவ்வொன்றாக இறுகுகின்றன. ஐந்து வயதுப் பிள்ளையின் மணிக்கட்டை எக்ஸ்ரே படம் எடுத்தால் எட்டும் அதில் தென்படமாட்டா. இனி, விரல்களுக்குள்ளே தசையே கிடையாது. ஒரு கையால் மற்றக் கையின் முழங்கைக்குக் கீழே தொட்டுக்கொண்டு விரல்களை மடக்கிப் பாருங்கள். அங்கே தசை அசைவதை உணர்வீர்கள். பற்றியிழுக்கும் வலிமை அங்கிருந்து தசைநாண்களின் வழியே வருகிறது. நுட்பமான வேலைகளுக்கு உதவுபவை உள்ளங்கையிலும் பெருவிரல் மேட்டிலும் உள்ள சிறு தசைகள். அவற்றை ஆட்டிவைக்கும் மூளைப் பகுதியும் சிறிதன்று. கனடா நாட்டு மருத்துவ அறிஞர் வைல்டர் பென்ஃபீல்டு 1930களில் மூளையின் இயக்கப் பகுதியை ஆராய்ந்தபோது, மார்பும் வயிறும் முதுகும் சேர்ந்த நடுவுடலுக்கு உள்ளதைவிடக் கைக்கும் விரல்களுக்கும் மிகப் பெரிய இடம் ஒதுக்கப்பட்டிருக்கக் கண்டார்.

ஆகவே கை படிப்படியாகத்தான் பழகும். பெரும்பாலான குழந்தைகள் மூன்று வயதளவில் வட்டத்தைப் பார்த்து வரைவர், நான்கில் கூட்டல் குறி, ஐந்தையொட்டிச் சதுரம். முக்கோணம் அதற்கும் பின்னரே வரும். சாய்வுக் கோடு அத்துணைக் கடினமானது. ஆனால் முக்கோணத்தை வரைய இயலாத பிள்ளை மூன்று குச்சிகளால் அதை அடுக்கிவிடும்! கோடு இழுக்கும் வேலையைக் குச்சி ஏற்றுக்கொள்கிறது. எங்கே வைப்பது என்பதை மட்டும் பிள்ளை முடிவு செய்தால் போதும். அதனோடு, குச்சியை எடுக்கும்போதெல்லாம் பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் ஒன்றுகூடுகின்றன. பென்சிலைப் பிடிக்க வேண்டியவையும் அதே மூன்று விரல்களே.

இதைக் கண்டறிந்த பெருமை எனக்குரியதன்று. ஜெர்மனி நாட்டில் 1837இல் சிறுவர் பள்ளி தொடங்கிய ஃபிரெடெரிக் ஃபிரோபெல், குச்சி அடுக்குவதைத் தம் பாடமுறையிலேயே சேர்த்தார். ஊறவைத்த பட்டாணியில் குச்சியின் முனையைக் குத்தி இணைத்து வீடும் நாற்காலியும் செய்வது அவர் முறையில் மற்றொரு வேலை. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரி அம்மையார், மூன்று விரல்களால் குமிழைப் பற்றித் தூக்கும் உருளைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். எழுத்துக்கு முன் விரல் என்பதே அவர் கொள்கை. 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்தார். அதன்பின் ஆதாரப் பள்ளிகளில் தக்ளி சுழன்றது. பஞ்சை விரல் நுனியால் நெகிழ்த்தி நூலாக்குவதைவிட நுட்பமான விரற்பயிற்சியை நான் கண்டதில்லை.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சோளத்தட்டே போதும். அதன் மேல்தோலைச் சிம்பாகக் கிழித்து, உள்ளிருக்கும் மெத்தென்ற வெண்பகுதியைத் துண்டுகளாக நறுக்கிச் சிம்பினால் குத்தி இணைத்தால் வண்டி வரும், மாடு வரும், கண்ணாடி வரும். பசையும் வேண்டா, ஆணியும் வேண்டா. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: சிம்பு கத்தியைப் போல விரலை அறுக்கும். கிழிக்கும் வேலையைப் பெரியவர்கள் செய்து கொடுப்பது நல்லது. தட்டு கிடைக்காத நகரத்தில் ஐஸ் குச்சி இருக்கிறது. கடையில் கட்டாக வாங்கலாம். தின்றுபோட்டதைப் பொறுக்கினால் கொதிநீரில் இட்டு வெயிலில் காயவைக்க வேண்டும். சிராய் நீட்டிக்கொண்டிருப்பதை ஒதுக்கிவிட வேண்டும்.

குச்சிகளைக் கொண்டு என்ன செய்வது? நான்கு வயதுப் பிள்ளைக்குத் துணிக் கவ்வியைக் கொடுத்து, குச்சியின் ஓரங்களில் வரிசையாக மாட்டச் சொல்லுங்கள். கவ்வியை அழுத்தித் திறக்கும்போது பெருவிரல் மேடு வேலை செய்யும். ஃபிரோபெலின் பட்டாணிக்குப் பதில், இரவு ஊறிய கொண்டைக்கடலையும் ஈர்க்குச்சியும் போதும். ஆனால் மூன்று வயது நிரம்பாத குழந்தைக்கு அருகே கடலை வேண்டா, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். முதல் வகுப்புப் பிள்ளை பத்துக் குச்சிகளை எண்ணி ரப்பர் வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டாக்கட்டும். வளையத்தை விரித்து, முறுக்கி, மீண்டும் மாட்டுவது சிறு விரல்களுக்குப் பெருவேலை. ஒன்றும் பத்தும் என்னும் இடமதிப்பும் அதிலேயே விளங்கிவிடும்.

ஏழெட்டு வயதினர்க்கு நான் மிக விரும்பிக் கொடுத்தது ஒன்று. இரண்டு ஐஸ் குச்சிகளைப் பெருக்கற்குறியாக வைத்து, நடுவே ஒன்றை நெடுக்காக வைக்க வேண்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று எனக் குறுக்குக் குச்சிகளை, ஒன்றன் மேலும் அடுத்ததன் கீழுமாகச் செருகவேண்டும். ஐந்தும் சற்றே வளைந்து ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு நிற்கும். தரையில் எறிந்தால் ‘பட்’டென்று சிதறும்! அந்த ஓசைக்காகவே பிள்ளைகள் இருபது முறை பின்னுவார்கள். பாவும் ஊடையுமாகத் தறியில் நடப்பதும் இதே வித்தைதான் என்று சொன்னபோது, நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி, “இது எனக்கு அப்பவே தெரியும், சார்” என்றாள்.

அவள் சொன்னது எனக்கு மகிழ்ச்சியோடு ஓர் அச்சத்தையும் தந்தது. சின்ன விரல் என்றால் வேலைக்கு வசதி என்று கணக்கிட்டவர்கள் உண்டு. சேலத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளிலும் தறிகளிலும் பிள்ளைகளின் விரல்கள் தேய்ந்த காலம் நெடியது. இராஜாஜி 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்துக் கதர்த் தொழிலை வளர்த்தவர். ஆயினும் முதலமைச்சராக 1953இல் அவர் கொண்டுவந்த, பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்ற திட்டத்தைக் குலக்கல்வி என்று நாடு எதிர்த்தது. 1954இல் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்பதே என் கருத்து. பிள்ளை சலித்ததும் குச்சியைக் கீழே போட்டுவிட்டு ஓட உரிமை இருக்கும்வரை அது விளையாட்டு. எண்ணிக்கை கேட்கத் தொடங்கினால் அது கூலி. என் வகுப்பில் ஒரு வேளைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் குச்சிகளை வைத்ததில்லை.

வீட்டிலே முதல் வகுப்புப் படிக்கும் தம்பியோ தங்கையோ இருந்தால், எழுத்துக் கோணும்போது இன்னும் பத்து முறை எழுதச் சொல்லாதீர்கள். ஏழெட்டுக் குச்சிகளைக் கையில் கொடுத்து, அந்த எழுத்தைத் தரையில் அடுக்கச் சொல்லுங்கள். வளைவுள்ள எழுத்தானால் புளியங்கொட்டையை வரிசையாக வைக்கலாம். சரியாக அடுக்கினால், எழுத்து உள்ளே இருக்கிறது. கைக்குச் சில மாதங்கள் தேவை. அடுக்கவும் இயலவில்லையானால், எழுத்தை மறுபடி சொல்லித்தர வேண்டும். இரண்டில் எது என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.