இருபதுக்கு ஒன்று

சாதாரண உடற்கட்டுள்ள ஒருவர் சைக்கிள் மிதிக்கும்போது, மூச்சு முட்டாமல் நெடுநேரம் தரக்கூடிய வலு சுமார் 100 வாட். ஆளும் வண்டியும் பையுமாக 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நல்ல சமதரையில் இந்த 100 வாட் அவரை மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீற்றர் வேகத்தில் கொண்டுபோகும். 20 அடி போனால் 1 அடி உயரும் ஏற்றத்தில் அதே உழைப்புக்கு 7 கிலோமீற்றர்தான் கிடைக்கும். 10 அடிக்கு 1 அடி என்றால் 4 கிலோமீற்றர்கூட வராது. அந்த வேகத்தில் சைக்கிள் தள்ளாடும், இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

இலங்கையின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் செங்குத்தான மலைகளைப் பார்த்தால் பத்துக்கு ஒன்றுகூடத் தயவாகத் தோன்றும். ஆனாலும் அங்கே சைக்கிளில் நாள் முழுக்கச் சுற்றலாம், வாகன நெரிசல் இல்லாமல். தெரணியகலை, எட்டியாந்தோட்டை, பலாங்கொடை, இறக்குவானைப் பக்கங்களில் தேயிலை மலைகளையும் இறப்பர் மலைகளையும் சுற்றிச் சுற்றிப் போகும் தோட்டத்து ரோடுகள்தான் காரணம். கொழுந்து லொறி, இறப்பர் பால் ஏற்றும் டிராக்டர், எப்போதாவது ஒரு முச்சக்கர வண்டி. மற்றபடி ரோடு காலியாகவே கிடக்கும்.

இந்த ரோடுகளைப் போட்டவர்கள் சைக்கிளை நினைத்துப் போடவில்லை, சுமை இழுக்கும் மாட்டை நினைத்துப் போட்டார்கள். மலைப்பாதைகளுக்குப் பொறியாளர்கள் வழக்கமாகக் கொள்ளும் சாய்வு 20-க்கு 1. மாட்டின் தோளுக்கு இசைந்த அந்தச் சாய்வு, 100 வாட் மனிதனின் தொடைக்கும் இசைந்துவிடுகிறது.

காடும் பாறையும் மூடிய சரிவில், எதிரே பத்தடி தெரியாத இடத்தில், 20-க்கு 1 என்று எப்படிக் குறித்தார்கள்? இதற்கென்றே ஒரு கருவி உண்டு. அதன் பெயர் சிலோன் காட் டிரேசர். நில அளவைப் பாடநூல்களில் இன்றும் இந்த நாட்டின் பழைய பெயரோடுதான் அது நிற்கிறது. ஒரு கம்பத்தின் தலையில் தொங்கும் நீண்ட குழாய். ஒரு முனையில் கண் வைக்கத் துளை, மறுமுனையில் குறுக்குக் கம்பிகள். குழாயின் மேல் ஓர் எடைக்கட்டி நகரும். கட்டி சுழியத்தில் இருந்தால் குழாய் கிடையாகத் தொங்கும். பார்ப்பவர் பக்கம் நகர்த்தினால் அந்தப் பக்கம் தாழ்ந்து, பார்வை மேல்நோக்கிச் சாயும். எவ்வளவு நகர்த்தினால் எந்தச் சாய்வு என்று குழாயிலேயே கோடு போட்டிருக்கும். குழாய் இருக்கும் அதே உயரத்தில் பலகை கட்டிய கோலுடன் ஒருவர் முன்னே போவார். குறுக்குக் கம்பியில் பலகை விழும்வரை அவரைச் சரிவில் ஏறவும் இறங்கவும் சொல்லி, விழுந்த இடத்தில் ஒரு முளை அடிப்பார்கள். பிறகு அடுத்த முளை. மின்சாரமும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். புவியீர்ப்பே கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுகிறது.

முளை அடித்த கோட்டை ரோடாக்க மண்வெட்டியும் அலவாங்கும் வேண்டும், அவற்றைப் பிடிக்கக் கைகளும் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்த மக்களின் கைகள் அவை. மலையைத் தேயிலையாக்கியவர்கள் என்று அவர்களைச் சொல்கிறோம். மலையை ஏறக்கூடியதாக்கியவர்களும் அவர்களே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கொண்டை ஊசி வளைவில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. ஒரு வளைவின் உள்விளிம்பு 4 மீற்றர் ஆரமும் வெளிவிளிம்பு 7 மீற்றர் ஆரமும் உள்ளவை என்று கொள்வோம். அரைவட்டம் திரும்பி முடிப்பதற்குள் ரோடு 1 மீற்றர் உயர்கிறது. உள்விளிம்பில் போகிறவர் அந்த உயரத்தை 12.6 மீற்றரில் ஏற வேண்டும். வெளிவிளிம்பில் போகிறவருக்கு 22 மீற்றர் இடம் இருக்கிறது. ஒரே வளைவு ஒருவருக்கு 13-க்கு 1, இன்னொருவருக்கு 22-க்கு 1. அதனால்தான் நல்ல ரோடுகளில் வளைவை மட்டும் கொஞ்சம் தட்டையாக வெட்டுவார்கள். எதிரே வண்டி வரவில்லை என்று தெரிந்தால் வெளிவிளிம்பைப் பிடித்து ஏறுங்கள். வித்தியாசம் முழங்காலிலேயே தெரியும்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட வியப்பளிப்பது மழை. இரத்தினபுரியில் ஆண்டுக்குச் சுமார் 3,700 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். இத்தனை மழையில் மண்ரோடு ஒரு பருவம்கூடத் தாங்காது என்றே நினைக்கத் தோன்றும். ஓடும் நீரின் வேகம் இரட்டித்தால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை இரண்டு மடங்கல்ல, 64 மடங்காகும். ஆகவே ரோட்டைக் காப்பதற்கு ஒரே வழி, தண்ணீரை ஓடவிடாமல் நடக்கவிடுவது. குறைந்த சாய்வு அதைத்தான் செய்கிறது. மலைப்பக்கம் வெட்டிய கான், அதாவது வடிகால், நீரை வாங்கிக்கொள்கிறது. கானில் இடையிடையே தோண்டிய குழிகளில் மண் படிந்து நின்றுவிடுகிறது. மாட்டுக்கும் தொடைக்கும் இசைந்த அதே எண் தண்ணீருக்கும் கடிவாளமாகிறது. கான் வெட்டாமல் விட்ட தோட்டங்களில் ரோடு எவ்வளவு சீக்கிரம் ஓடையாகிறது என்பதை அங்கே வாழ்கிறவர்கள் அறிவார்கள்.

ஏறிய உயரமெல்லாம் இறங்கும்போது வெப்பமாகத் திரும்பி வரும். 90 கிலோவுடன் 300 மீற்றர் உயரத்திலிருந்து பிரேக்கைப் பிடித்துக்கொண்டே மெல்ல இறங்கினால், பிரேக்கிலும் சக்கர விளிம்பிலும் பிறக்கும் வெப்பம் ஏறக்குறைய முக்கால் லீற்றர் பச்சைத் தண்ணீரைத் தேநீருக்குக் கொதிக்க வைக்கப் போதும். விடாமல் அழுத்தாமல், விட்டு விட்டு அழுத்துங்கள்.

இந்த ரோடுகள் பல இடங்களில் காட்டின் ஓரம்வரை போகின்றன. தெரணியகலைக்கு மேலே மாலிபொடப் பக்கம் சிவனொளிபாதமலைக் காடு, இறக்குவானைக்கு அப்பால் சிங்கராஜ வனம். இரண்டும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ளவை. சிங்கராஜ 1988-இலும் சிவனொளிபாதமலைக் காடு 2010-இலும் சேர்ந்தன. காட்டுக்குள் சைக்கிளைக் கொண்டுபோக வேண்டாம், விளிம்பே போதும். தோட்டத்துக்குள் நுழையுமுன் தோட்ட அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெற வேண்டும்.

மாட்டைவிட நுணுக்கமாகச் சாய்வு கேட்கும் இன்னொன்று ரயில். இரும்பின் மேல் இரும்பு உருளும்போது உருள்தடை, அதாவது சக்கரம் உருள்வதற்கு எழும் எதிர்ப்பு, மிகக் குறைவு. சமதரையில் ஒரு தொன்னை நகர்த்த 2 கிலோ அளவு இழுவை போதும். 44-க்கு 1 ஏற்றத்திலோ கூடுதலாக 23 கிலோ இழுவை வேண்டும். அதனால் மலைநாட்டுப் பெரும்பாதையின் மிகக் கடுமையான ஏற்றமே 44-க்கு 1 தான். இரத்தினபுரியும் கேகாலையும் சேர்ந்த சப்ரகமுவ மாகாணத்துக்கும் ஒரு ரயில் இருந்தது: தண்டவாளங்களுக்கிடையே வெறும் 762 மில்லிமீற்றர், அதாவது இரண்டரை அடி அகலமுள்ள களனிவெளிப் பாதை. அவிசாவளையிலிருந்து எகலியகொடை, குருவிட்ட வழியாக 1912-இல் இரத்தினபுரியையும் 1919-இல் ஓப்பநாயக்கவையும் அது எட்டியது. 1970-களில் அவிசாவளைக்கு அப்பால் ரயில் நின்றுபோனது. தண்டவாளம் போன பிறகு அந்த வழியின் சில துண்டுகள் ஊர்ப்பாதைகளாயின, சில துண்டுகள் வீட்டு வளவுகளாயின.

அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலம் 1960-களிலேயே எல்ரோய்க்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையே கைவிட்ட ரயில் வழியைச் சைக்கிள் பாதையாக்கியது. மூன்று சுரங்கங்களோடு 51 கிலோமீற்றர். ஸ்பெயின் 1993 முதல் இதை நாடு முழுக்கச் செய்துவருகிறது. களனிவெளியில் அப்படி முழுவதையும் மீட்க முடியாது. அங்கே குடியிருக்கும் குடும்பங்களை எழுப்பச் சொல்லவும் கூடாது. மிஞ்சிய துண்டுகளைத் தோட்டத்து ரோடுகளால் இணைக்கலாம். ரயிலின் சாய்வும் மாட்டின் சாய்வும் இரண்டுமே 100 வாட்டுக்கு அடங்குபவை. குருவிட்டவுக்கும் இரத்தினபுரிக்கும் இடையே ஒரு பகுதியை அளந்து பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.