போர்க்காலத்து உணவுச் சுவரொட்டிகள்

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் சுவர்களில் ஒட்டிய பழைய காகிதங்களை இன்று தேடித் தேடிச் சேகரிப்போர் உண்டு. அவர்களில் ஒரு சாரார் பீரங்கிப் படங்களை நாடுவதில்லை. உருளைக்கிழங்கு, காரட், பன்றி, குப்பைத்தொட்டி, இவையே அவர்களுக்கு வேண்டியவை. உணவை வீணாக்காதே, கிடைத்த இடத்தில் பயிர் செய் என்று அரசு அச்சிட்டு ஒட்டிய சுவரொட்டிகள் அவை.

போருக்கு முன் பிரிட்டன் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் உணவுப் பொருளைக் கப்பலில் தருவித்து வந்தது. 1939-ல் போர் மூண்டதும் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அக்கப்பல்களைக் குறிவைத்தன. 1940 ஜனவரியில் வந்த பங்கீடு முற்றிலும் நீங்கியது 1954 ஜூலையில்தான்.

'வெற்றிக்காகத் தோண்டுவீர்' என்ற சுவரொட்டி மிகவும் பெயர் பெற்றது. பூட்ஸ் அணிந்த ஒரு கால் மண்வாரியை மிதித்து நிலத்தில் இறக்குகிறது. ஆளின் முகம்கூடப் படத்தில் இல்லை. ஏப்ரம் கேம்ஸ் என்ற ஓவியர் 1942-ல் மண்வாரியையும் கப்பலையும் ஒரே வடிவாக இணைத்து வரைந்தார். வீட்டில் விளைந்தால் கப்பல் மிச்சம் என்பது கருத்து. லண்டன் கோபுரத்தின் அகழியில்கூடக் காய்கறி பயிரிட்டனர். 1943 வாக்கில் மக்கள் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்ட தோட்டத் துண்டுகள் சுமார் 14 லட்சம்.

விவசாயிகளுக்குச் சுவையானது பன்றிச் சுவரொட்டிதான். சமையலறைக் கழிவைத் தாரீர் என்று அது கேட்டது. தெருமுனைத் தொட்டிகளில் உருளைக்கிழங்குத் தோல், கோஸ் இலை, காய்ந்த ரொட்டி சேர்ந்தன. லண்டனை அடுத்த டாட்டன்ஹாமில் இவற்றை நீராவியில் வேக வைத்துக் களி போலாக்கிப் பன்றிகளுக்கும் கோழிகளுக்கும் கொடுத்தனர். வேக வைத்தால்தான் நோய்க் கிருமிகள் அழியும். இதில் அசட்டை கூடாது. 2001-ல் பிரிட்டனில் கோமாரி பரவியதற்குச் சரியாக வேகாத கழிவுத் தீவனமே காரணம் என்று கண்டு, அவ்வழக்கத்தையே தடை செய்துவிட்டனர்.

இச்சுவரொட்டிகள் சொல்லாததும் உண்டு. அதே பிரிட்டன் ஆண்ட வங்காளத்தில் 1943-ல் பல லட்சம் பேர் பஞ்சத்தில் மாண்டனர்.

ஆயிரக்கணக்கில் அச்சானவை ஏன் அரிதாயின? மழையும் வெயிலும் பாதியைத் தின்றன. மேலும், போர்க்காலத்தில் பழைய காகிதமும் வீணாகக் கூடாது. அதையும் திரட்டி அரைத்துக் கூழாக்கினர். சிக்கனம் சொன்ன காகிதங்கள் சிக்கனத்துக்கே இரையாயின. லண்டனில் உள்ள போர் அருங்காட்சியகம் பலவற்றைக் காத்து வைத்திருக்கிறது.

வாங்குவோர் ஏமாறுவதும் உண்டு. அசலைப் பார்த்து அச்சிட்ட நகல்கள் ஏராளம். அசலில் பல 20 அங்குல அகலம், 30 அங்குல உயரம் கொண்டவை. அளவு மாறினால் ஐயம் கொள்வது நன்று. வெள்ளை வெளேரென்ற வழவழப்புத் தாளும் நம்பத்தக்கதல்ல. மடிப்புத் தடம் குறையாகாது. மடித்தே அனுப்பப்பட்டவை பல. அனுபவசாலிகள் கிழிசலுக்குப் பின்னால் மாவுப் பசையால் துணி ஒட்டி, வெயில் படாத இடத்தில் வைக்கின்றனர். பசை நாடா ஒட்டினால் சில ஆண்டுகளில் பழுப்புக் கறை ஏறும். பிறகு அது போகாது.