திரும்பி வரும் வெற்று லொறி

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பகுதிகளில் சொந்த லொறியில் வீட்டுத் தளபாடங்களை ஏற்றியிறக்கிப் பிழைப்போர் உள்ளனர். உரிமையாளரும் அவரே, சாரதியும் அவரே. கைக்கு வரும் வாடகையைக் கண்டு இவர்களை வசதி படைத்தோர் எனக் கருதுவோர் கணக்கின் மறுபக்கத்தை அறிவதில்லை.

2021 டிசம்பரில் 121 ரூபாவாக உயர்ந்த ஒரு லீற்றர் ஒட்டோ டீசல், 2022 ஜூன் 26இல் 460 ரூபாவை எட்டியது. லீற்றருக்கு 7 கிலோமீற்றர் ஓடும் லொறி கொழும்புக்குச் சென்று மீள ஏறக்குறைய 100 லீற்றர் வேண்டும். ஆறே மாதத்தில் 12,100 ரூபாச் செலவு 46,000 ரூபாவானது. விலை பின்னர் குறைந்தபோதிலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

வீடு மாறுவோர் ஒருவழிக்கே வாடகை பேசுவர். மீள்வழியில் சுமை கிடைக்காவிடின் பாதி டீசல் வீணே எரியும். லீசிங் தவணையும் காப்புறுதியும் லொறி ஓடாத நாளிலும் ஓடிக்கொண்டிருக்கும். வட்டியை விலக்கி இஜாரா முறையில் வாங்கியவருக்கும் தவணை நாள் தவணை நாளே.

இவற்றைக் கழித்து எஞ்சுவதை இலாபம் என்பவர், தமது சாரதிக் கூலியையும் வாகனத் தேய்மானத்தையும் எழுத மறந்துவிடுகிறார். 2020இல் விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை 2025இல் நீங்கியது. தேய்மானத்துக்கென எதுவும் ஒதுக்காதவருக்கு அதனால் பயனில்லை. வாடகை பேசும்போதே மீள்வழி டீசலையும் சேர்த்துப் பேசுவது நியாயம் என்றே நாம் கருதுகின்றோம்.